‘நிரந்தரம்’ என்று நினைத்து எழுதும்போது ஆங்கிலத்தில் எந்தச் சொல்?

கேள்வி: திருநெல்வேலி மாவட்டத்தில் ஓர் அறக்கட்டளை அலுவலகத்தில் பணியாற்றுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள். வெளிநாட்டில் வாழும் ஒருவர் எங்கள் ஊர்ப் பள்ளி மாணவிகளுக்காக ஒரு தொகையை ஒப்படைத்து, அதன் வட்டியிலிருந்து ஆண்டுதோறும் உதவித்தொகை வழங்கக் கேட்டிருக்கிறார். அதற்கான ஆங்கிலக் கடிதத்தையும் ஆவண வரைவையும் நான் எழுதினேன். இது ஓர் ‘எடர்னல்’ உதவித்தொகை என்றும், அவருக்கு எங்கள் ‘பெர்மனன்ட்’ நன்றி என்றும், வைப்புத்தொகையின் வட்டி விகிதம் ‘பெர்பெச்சுவல்’ என்றும், எங்கள் மறைந்த நிறுவனர் தலைமையாசிரியர்களிடம் மாணவிகளைப் பற்றிக் ‘கான்ஸ்டன்ட்லி’ விசாரித்துக்கொண்டிருந்தார் என்றும் எழுதியிருந்தேன். நிர்வாக அறங்காவலர் நான்கையும் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்பிவிட்டார். ஆங்கிலம்–தமிழ் அகராதியைப் புரட்டினால் நிரந்தரமான, நிலையான, இடைவிடாத, என்றுமுள்ள என்ற பொருள்களே எல்லாச் சொற்களுக்கும் மாறி மாறி வருகின்றன. எது எங்கே பொருந்தும் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? (பெயர் வெளியிட வேண்டாம்.)

பதில்: அன்புள்ள வாசகிக்கு, வணக்கம். நிறுவனங்களின் ஆங்கில அறிக்கைகளையும் ஆவணங்களையும் திருத்திக் கொடுப்பதே என் தொழில் என்பதால், உங்கள் வரைவில் சுழிக்கப்பட்ட இந்த நான்கு சொற்களையும் வெவ்வேறு மேசைகளிலிருந்து வரும் தாள்களில் நான் தொடர்ந்து பார்த்துவருகிறேன். உங்கள் அகராதி தவறானது அன்று. அது பாதியைத்தான் சொல்கிறது. ஒரு பொருள் முடிந்துபோகாது என்பதில் இந்தச் சொற்கள் எல்லாம் ஒத்துப்போகின்றன. ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு வகையான முடிவை மறுக்கின்றன. ஆகவே சொல்லைத் தேர்ந்தெடுக்கும் முன், நான் பேசும் பொருள் வழக்கமாக எந்த வகையில் முடிந்துபோகும், அதில் எதை இங்கே நடக்காது என்று சொல்கிறேன் என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் நான்கு வாக்கியங்களையும் அந்தக் கேள்வியோடு பார்ப்போம்.

‘பெர்மனன்ட்’ மறுப்பது தற்காலிகத்தை மட்டுமே. தற்காலிகப் பணிக்கு எதிர் பெர்மனன்ட் பணி. ஆனால் அந்தப் பணியில் இருப்பவர் ஒருநாள் ஓய்வுபெறுவார். வாடகை வீட்டு முகவரிக்கு எதிர் பெர்மனன்ட் முகவரி. சொந்த வீட்டை விற்றுவிட்டால் அதுவும் மாறும். குழந்தைக்கு முளைக்கும் 20 பால்பற்கள் விழுந்து அவற்றின் இடத்திலும் அவற்றுக்குப் பின்னாலுமாக வளரும் 32 பற்களை மருத்துவர்கள் பெர்மனன்ட் பற்கள் என்கிறார்கள். அவை முதுமைவரை இருந்தாக வேண்டும் என்ற உறுதி எதுவும் அந்தச் சொல்லில் இல்லை. நிலவியலில் இந்தச் சொல்லின் எல்லை இன்னும் குறுகுகிறது. வடதுருவப் பகுதிகளில் உறைந்து கிடக்கும் ‘பெர்மாஃப்ராஸ்ட்’ என்னும் நிலத்துக்கு அறிவியலாளர் வைத்திருக்கும் வரையறை, குறைந்தது இரண்டு ஆண்டுகள் தொடர்ச்சியாகச் சுழியம் டிகிரி செல்சியஸிலோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும் என்பதுதான். கோடையில் உருகிவிடும் மேல்மண்ணிலிருந்து பிரித்துக் காட்டுவதற்கு அந்த அளவே போதுமானதாக இருக்கிறது.

வரலாற்றிலும் இதையே காணலாம். 1793-இல் ஆங்கிலேயத் தலைமை ஆளுநர் கார்ன்வாலிஸ் வங்காளத்தில் கொண்டுவந்த நிலவரித் திட்டத்துக்குப் ‘பெர்மனன்ட் செட்டில்மென்ட்’ என்று பெயர். ஜமீன்தார் அரசுக்குக் கட்ட வேண்டிய தொகை அவ்வப்போது மறுமதிப்பீட்டுக்கு உட்படாமல் ஒரே அளவாக நிற்கும் என்பதே அங்கே அந்தச் சொல்லுக்குப் பொருள். 1802-இல் சென்னை மாகாணத்தின் சில பகுதிகளுக்கும் அது விரிவாக்கப்பட்டது. உங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் பேசும் ஜமீன்கள் அந்த ஏற்பாட்டில் இருந்தவை. 1948-ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டம் அவற்றை முடிவுக்குக் கொண்டுவந்தது. நாடுகளுக்கு இடையிலான வழக்குகளை விசாரிக்க 1922-இல் தி ஹேக் நகரில் பணிதொடங்கிய நீதிமன்றமும் ‘பெர்மனன்ட்’ என்ற அடைமொழியைத் தாங்கியிருந்தது. 1946-இல் அது கலைக்கப்பட்டு, இன்றுள்ள பன்னாட்டு நீதிமன்றம் அதன் இடத்துக்கு வந்தது. அடைமொழி பொய்த்துவிட்டதா என்றால், இல்லை. ஒவ்வொரு வழக்குக்கும் புதிதாகக் கூட்டப்படும் நடுவர் குழுவாக இல்லாமல் எப்போதும் இயங்கும் மன்றம் என்பதைத்தான் அது சொன்னது. ஆக, தேதி குறிக்கப்படாத ஏற்பாடு, மாற்றும் எண்ணமில்லாத ஏற்பாடு என்பதற்கு மேல் இந்தச் சொல்லின் மீது பாரம் ஏற்றாதீர்கள். ‘பெர்மனன்ட் நன்றி’ என்பது இடறுவதும் இதனால்தான்: தற்காலிக நன்றி என்று ஒன்று இருப்பதாகவும், உங்கள் நன்றி அந்த வகையைச் சேர்ந்ததன்று என்றும் சொல்வதுபோல் அது ஒலிக்கிறது.

அடுத்து, ‘பெர்பெச்சுவல்’. இது உங்கள் வரைவில் வர வேண்டிய சொல்தான். வந்த இடம்தான் தவறு. இதை விளக்கத் தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. சோழர் காலத்தில் கோயிலுக்கு ஓர் அணையா விளக்கு, அதாவது நந்தா விளக்கு வைக்க விரும்பியவர், ஆடுகளைத் தானம் செய்வது வழக்கம். பல கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்கு 90 அல்லது 96 ஆடுகள் என்ற கணக்கு வருகிறது. அந்த ஆடுகளை ஏற்றுக்கொண்ட இடையர், நாள்தோறும் உழக்கு நெய் போன்ற ஒரு குறித்த அளவை விளக்குக்கு அளக்க வேண்டும். அந்த ஆடுகளைக் கல்வெட்டுகள் ‘சாவா மூவாப் பேராடு’ என்று குறிக்கின்றன. எந்த ஆடும் சாகாமலும் மூப்படையாமலும் இருக்காது என்பது அதை வெட்டுவித்தவர்களுக்கு நன்றாகவே தெரியும். ஓர் ஆடு இறந்தால் மந்தையில் பிறந்த குட்டி அதன் இடத்துக்கு வரும். மந்தையின் எண்ணிக்கை குறையாது. ஏற்றுக்கொண்டவர் காலமானால் அவர் வழியினர் நெய்யை அளப்பார்கள். திரியும் நெய்யும் ஆடும் ஆளும் மாறிக்கொண்டே இருக்க, விளக்கு மட்டும் அணையாமல் எரியும். இந்த நந்தா விளக்கை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த கல்வெட்டறிஞர்கள் ‘பெர்பெச்சுவல் லாம்ப்’ என்று எழுதினார்கள். அது மிகச் சரியான தேர்வு என்பது என் உறுதியான கருத்து. இடைவிடாமல் புதுப்பிக்கப்படுவதால் முடியாமல் தொடர்வது எதுவோ, அதுவே பெர்பெச்சுவல்.

இந்தியாவின் 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, பதிவுசெய்யப்பட்ட நிறுவனத்துக்குப் ‘பெர்பெச்சுவல் சக்ஸெஷன்’ உண்டு என்று சொல்வதும் இதே கருத்தில்தான். பங்குதாரர்கள் இறக்கலாம், விலகலாம், புதியவர்கள் வரலாம். அவர்களோடு நிறுவனம் இறப்பதில்லை. சட்டப்படி அதைக் கலைப்பதற்கும் வழி இருக்கிறது என்பதால், அழிவற்றது என்ற பொருளை அதில் ஏற்றிப் படிக்கக் கூடாது. பத்திரச் சந்தையில் பெர்பெச்சுவல் பத்திரம் என்றால் முதிர்வுத் தேதி குறிப்பிடாத பத்திரம் என்று பொருள். போட்ட பணம் என்றைக்கும் பத்திரமாக இருக்கும் என்று பொருளன்று. அன்றாட உரைநடையில் இந்தச் சொல்லுக்குச் சலிப்பின் சாயலும் ஒன்று உண்டு. அண்டை வீட்டுச் சத்தத்தைப் பெர்பெச்சுவல் என்று ஒருவர் எழுதினால், ஓய்ந்த பாடில்லை என்று அவர் அலுத்துக்கொள்கிறார்.

உங்கள் உதவித்தொகை நந்தா விளக்கின் வகையைச் சேர்ந்தது. மூலநிதி அப்படியே இருக்கும், வட்டி வரும், ஆண்டுதோறும் வேறொரு மாணவி பெறுவாள், அறங்காவலர்களும் மாறுவார்கள், வழங்குவது மட்டும் நிற்காது. ஆகவே ‘எடர்னல்’ இருந்த இடத்தில் ‘இன் பெர்பெச்சூட்டி’ என்ற தொடர் வர வேண்டும். நன்கொடை ஆவணங்களில் வழங்கும் தொடர் அதுவே. அதற்குச் சட்டத்திலும் ஓர் இடம் இருக்கிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, ஒருவர் தம் சொத்தைத் தலைமுறை தலைமுறையாக எல்லையின்றிக் கட்டிப்போடுவதைத் தடுக்கிறது. இன்று உயிரோடிருப்பவர்களின் ஆயுளையும் அதன் பின் ஒரு பிள்ளை உரிய வயதை அடையும் காலத்தையும் தாண்டி உரிமையைத் தள்ளிவைக்க அது இடம் தருவதில்லை. ஆனால் அதே சட்டத்தின் 18-ஆம் பிரிவு, சமயம், அறிவு, வணிகம், உடல்நலம் முதலிய பொதுநன்மைகளுக்காகச் செய்யப்படும் மாற்றங்களுக்கு அந்தத் தடையிலிருந்து விலக்கு அளிக்கிறது. மாணவிகளின் படிப்பு அந்த விலக்குக்குள் வருவது. பேரன் பேத்திகளுக்குச் செய்ய முடியாததை ஊர்ப் பிள்ளைகளுக்குச் செய்யலாம் என்று சட்டமே கதவைத் திறந்து வைத்திருப்பதை எண்ணும்போது எனக்கு மனநிறைவாக இருக்கிறது. அந்த உரிமையை ஆவணத்தில் எழுதும்போது உரிய சொல்லைப் போடுவதுதான் முறை.

இந்த இடத்தில் ஒரு சிறு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். நம் நீதிமன்றங்களில், ஒரு செயலைத் தடுக்க இடப்படும் ஆணையான உறுத்துக்கட்டளையில், தற்காலிகமானதற்கு எதிராக நிரந்தரமானதைக் கேட்கும்போது, வழக்கறிஞர்கள் மனுவில் ‘பெர்மனன்ட் இன்ஜங்ஷன்’ என்றே எழுதுகிறார்கள். 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தணிப்புச் சட்டமோ அதைப் ‘பெர்பெச்சுவல் இன்ஜங்ஷன்’ என்கிறது. இங்கே இரண்டும் ஒரே பொருளில் வழங்குவதால் எதை எழுதினாலும் குற்றமில்லை. இத்தகைய இடங்கள் சிலவே. அவற்றை வைத்துக்கொண்டு இரு சொற்களும் எங்கும் ஒன்றே என்று முடிவுகட்ட வேண்டாம்.

‘எடர்னல்’ காலத்துக்கு அப்பாற்பட்டது. தொடக்கமும் முடிவும் இல்லாத இறைவனுக்கும், சமய நூல்கள் சொல்லும் உண்மைக்கும் அந்தச் சொல்லை ஒதுக்கி வையுங்கள். தொடக்கத் தேதி எழுதப்பட்ட ஓர் உதவித்தொகை எடர்னலாக இருக்க இயலாது. ‘எவர்லாஸ்டிங்’ அதற்கு மிக நெருங்கிய சொல். தொடக்கம் இருக்கலாம், முடிவு இல்லை என்று இரண்டுக்கும் இடையே வேறுபாடு காட்டுவோர் உண்டு. ஆனால் ஆங்கிலமே அந்த வேறுபாட்டை எப்போதும் காப்பாற்றவில்லை. 1611-இல் வெளியான கிங் ஜேம்ஸ் விவிலியத்தில், மத்தேயு 25-ஆம் அதிகாரத்தின் 46-ஆம் வசனத்தில், தண்டனைக்கு எவர்லாஸ்டிங் என்றும் வாழ்வுக்கு எடர்னல் என்றும் அடைமொழிகள் வருகின்றன. மூல கிரேக்கத்தில் இரண்டிடத்திலும் இருப்பது ஒரே சொல். ‘நித்திய ஆக்கினை’, ‘நித்திய ஜீவன்’ என்று இரண்டிடத்திலும் ஒரே சொல்லை வைத்திருக்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இந்த வகையில் மூலத்துக்கு நெருக்கமாக நிற்கிறது. இரண்டு சொற்களுக்கும் வழிபாட்டின் மணம் இருப்பதால், அலுவலகக் கடிதத்தில் இரண்டையும் தவிர்ப்பதே நல்லது. ‘எடர்னலி கிரேட்ஃபுல்’ என்று ஆங்கிலேயர் எழுதுவார்களே என்று நீங்கள் கேட்கலாம். எழுதுவார்கள்தான், நண்பர் ஒருவர் பெரிய இக்கட்டிலிருந்து காப்பாற்றும்போது, உணர்ச்சி மேலிட்டு, மிகைப்படுத்தி எழுதுவார்கள். அறக்கட்டளையின் முத்திரைத் தாளில் அந்த மிகை பொருந்தாது.

அப்படியென்றால் நன்றிக்கு என்ன சொல்? ‘லாஸ்டிங்’ என்று எழுதுங்கள். ஒரு செயல் முடிந்த பிறகும் அதன் விளைவு நிற்பதை அது சொல்கிறது. போருக்குப் பின் வரும் அமைதி, ஒரு சந்திப்பு மனத்தில் பதித்த எண்ணம், ஒரு விபத்து விட்டுச்சென்ற பாதிப்பு ஆகியவற்றோடு அது இயல்பாகச் சேரும். ‘எண்டியூரிங்’ என்பதில் ஏற்கெனவே சோதனைகளைத் தாங்கிவந்த கடந்தகாலம் இருக்கிறது. ஐம்பது ஆண்டு நட்புக்கும், பல தலைமுறை படித்தும் சுவை குறையாத நூலின் ஈர்ப்புக்கும் அது பொருந்தும். நேற்று தொடங்கிய உறவுக்குப் பொருந்தாது. மறைந்த நிறுவனரின் பணி விட்டுச்சென்ற மரபைப் பற்றி எழுதும்போது அந்தச் சொல்லைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். கல்வியின் மேல் அவருக்கிருந்த நீங்காத ஈடுபாட்டுக்கு ‘அபைடிங்’ என்ற சொல் அழகாக அமையும்; உள்ளத்து உணர்வுகளோடுதான் அது சேரும், பொருள்களோடு சேராது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும், உடல் தளர்ந்தோர் தம் பிள்ளைகளுக்கோ நம்பிக்கைக்குரியவர்களுக்கோ எழுதிக்கொடுக்கும் அதிகாரப் பத்திரத்தின் பெயரிலேயே இந்த இரு சொற்களும் வந்திருக்கின்றன. முன்பு அதற்கு ‘எண்டியூரிங்’ அதிகாரப் பத்திரம் என்று பெயர். 2005-ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டத்தின்படி, 2007 அக்டோபர் 1 முதல் புதிதாக எழுதப்படுபவை ‘லாஸ்டிங்’ அதிகாரப் பத்திரங்கள். சாதாரண அதிகாரப் பத்திரம், எழுதிக்கொடுத்தவர் முடிவெடுக்கும் திறனை இழந்தவுடன் செல்லாமல் போய்விடும். இந்தப் பத்திரமோ அதற்குப் பிறகும் நிற்கும். ஆனால் எழுதிக்கொடுத்தவர் தெளிந்த மனத்தோடு இருக்கும்வரை அதைத் திரும்பப் பெறலாம். அவர் இறந்தால் அதுவும் முடிந்துவிடும். முடிவுகளில் ஒன்றை மட்டும் மறுத்து மற்றவற்றை அப்படியே விட்டுவைக்கும் சொல்லுக்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைத்ததில்லை. திரும்பப் பெறுவதையே மறுக்க வேண்டுமானால் அதற்கு ‘இர்ரெவோக்கபிள்’ என்ற தனிச் சொல் இருக்கிறது. உங்கள் நன்கொடையாளர் கொடுத்த தொகையைத் திரும்பக் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறார் என்றால், ஆவணத்தில் அந்தச் சொல் தனியாக இடம்பெற வேண்டும். ‘இன் பெர்பெச்சூட்டி’ என்பது அந்த வேலையைச் செய்துவிடும் என்று நம்பி விட்டுவிடாதீர்கள்.

வட்டி விகிதத்துக்கு இந்தக் குடும்பத்தின் எந்தச் சொல்லும் வேண்டாம். வங்கிகள் சொல்வதுபோல் ‘ஃபிக்ஸ்டு’ என்று மட்டும் எழுதி, எத்தனை ஆண்டுகளுக்கு என்பதையும் சேர்த்துவிடுங்கள். வைப்புக்காலம் முடிந்து புதுப்பிக்கும்போது விகிதம் மாறும் என்பதால், பெர்பெச்சுவல் என்று எழுதுவது நன்கொடையாளருக்குத் தவறான நம்பிக்கையைக் கொடுத்துவிடும். ஓர் அளவு ஏறாமல் இறங்காமல் நிற்பதைக் ‘கான்ஸ்டன்ட்’ என்று சொல்வதும் உண்டு. தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டியின் வெப்பநிலை கான்ஸ்டன்டாக இருக்க வேண்டும் என்றால், மின்சாரம் இருக்கும்வரை, பெட்டி இயங்கும்வரை, அந்த அளவு ஊசலாடக் கூடாது என்றுதான் பொருள். அந்தச் சொல் மறுப்பது ஏற்றத்தாழ்வை. காலத்தின் நீளத்தைப் பற்றி அது பேசுவதில்லை.

நிறுவனரைப் பற்றிய வாக்கியத்தில் நீங்கள் தேர்ந்த சொல்லைவிட அது சேர்ந்த வினை வடிவமே சிக்கலை உண்டாக்கியது. விசாரித்துக்கொண்டிருந்தார் என்ற தொடர்வினையோடு ‘கான்ஸ்டன்ட்லி’ சேர்ந்தால், ஆங்கிலத்தில் பெரும்பாலும் எரிச்சல் தொனிக்கும். நச்சரித்துக்கொண்டே இருந்தார் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். ‘ஆல்வேஸ்’ என்ற எளிய சொல்லுக்கும் தொடர்வினையோடு சேரும்போது இதே கதி நேரும். வினையைச் சாதாரண இறந்தகாலத்துக்கு மாற்றி, ‘ரெகுலர்லி’ விசாரித்தார் என்றோ, பள்ளிக்கு வரும்போதெல்லாம் ‘இன்வேரியபிளி’ விசாரித்தார் என்றோ எழுதுங்கள். ஒருமுறைகூடத் தவறியதில்லை என்ற பொருளைத் தரும் இரண்டாவது சொல், நீங்கள் சொல்ல வந்த அக்கறையைச் சரியாகத் தாங்கும்.

நான்கு வாக்கியங்களுக்கு வெளியே, உங்கள் அலுவலகத்தில் கட்டாயம் எதிர்ப்படும் இரண்டு சொற்களையும் குறிப்பிடுகிறேன். ‘பெரெனியல்’ என்பது ஆண்டு முழுவதும், அல்லது ஆண்டுக்கு ஆண்டு தொடர்வது; உங்கள் தாமிரபரணி பெரெனியல் ஆறு. கோடையில் நீர் குறைந்தாலும் அந்தச் சொல் பொய்யாகாது, முற்றிலும் வறண்டால்தான் பொய்யாகும். கோடைதோறும் தலைதூக்கும் குடிநீர்ச் சிக்கலுக்கும் அந்தச் சொல் பொருந்தும். ‘இன்டெலிபிள்’ என்பது துடைத்தாலும் கழுவினாலும் போகாதது. 1962 பொதுத்தேர்தல் முதல் நம் விரலில் வைக்கப்படும், மைசூரில் தயாராகும் வெள்ளி நைட்ரேட் கலந்த மைக்கு அதுவே பெயர். நகம் வளர வளரச் சில வாரங்களில் அந்தக் கறை தானே மறைந்துவிடும் என்றாலும், வாக்குச்சாவடி மூடும்வரை யாரும் அதைக் கழுவ முடியாது என்பதால் பெயர் நிற்கிறது. ஒருவரின் சேவையே இன்டெலிபிள் என்று நம் பக்கத்து மலர்களில் எழுதுகிறார்கள், அது பிழை. சேவை விட்டுச்சென்ற தடம்தான் இன்டெலிபிள்.

இந்தச் சொற்களுக்கு முன்னால் ‘வெரி’ போடுவதையும் தவிருங்கள். இன்னும் பெர்மனன்டான ஏற்பாடு என்று நல்ல எழுத்தாளர்களே எழுதுவதுண்டு, அதை நான் திருத்துவதில்லை. இன்னும் எடர்னலானது என்று எவரும் எழுத மாட்டார்கள்.

வரைவை மறுபடி எழுதும்போது, ‘இன் பெர்பெச்சூட்டி’ வரும் பத்தியிலேயே இன்னொரு வாக்கியத்தையும் சேர்த்துக்கொள்ளும்படி அறங்காவலரிடம் எடுத்துச் சொல்லுங்கள். அந்தப் பள்ளி மூடப்பட்டாலோ வேறு பள்ளியோடு இணைக்கப்பட்டாலோ, உதவித்தொகை எந்தப் பள்ளிக்கு, யார் முடிவின்படி மாற வேண்டும் என்பதை அந்த வாக்கியம் சொல்ல வேண்டும். அப்படி எழுதாவிட்டால், அறத்தின் நோக்கத்தை மாற்றியமைக்க உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றத்தை நாட வேண்டிய நிலை வரலாம். வாக்கியத்தின் ஆங்கில நடையை நான் பார்த்துத் தருவேன். சட்டப் பொருளை உங்கள் அறக்கட்டளையின் வழக்கறிஞரிடம் காட்டி ஒப்புதல் பெற்ற பிறகே ஆவணத்தைப் பதிவுக்குக் கொண்டுசெல்லுங்கள்.